தோட்டத்துப் பிள்ளையும் மறியற்சாலையும்

மலையகத் தோட்டங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் கப்பலையும் காட்டுப் பாதையையும், கங்காணியையும் கடனையும், வேலைநிறுத்தங்களையும் பிரஜாவுரிமைப் பறிப்பையும் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். மறியற்சாலையைப் பற்றி எழுதியோர் மிகக் குறைவு. (தமிழ்நாட்டு வாசகர்கள் மறியல் என்றதும் தெருவிலே அமர்ந்து போராடுவதை நினைத்துக்கொள்வர். இலங்கைத் தமிழில் அச்சொல் சிறையையே குறிக்கும்.) ஆனால் இந்நாட்டில் தோட்டமும் மறியலும் ஒரே காலத்தில் வளர்ந்தவை, ஒன்றை ஒன்று தாங்கி நின்றவை. ஆகவே இளங் குற்றவாளிகளின் சிறைகளைப் பற்றிப் பேச விரும்பும் எவரும், சப்பிரகமுவ மாகாணத்தின் றப்பர்க் காட்டிலிருந்தும் தேயிலை மலையிலிருந்தும் அச்சிறைகளுக்குச் சென்ற பிள்ளையைப் பற்றிப் பேச விரும்பும் எவரும், 1939ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டங்களிலிருந்து தொடங்கினால் போதாது. ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் முதலாளி, தொழிலாளி உறவை ஒழுங்குசெய்ய வந்தவை என்று சொல்லப்பட்டன. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோதும் தொழிலாளி மாத ஒப்பந்தத்தில் இருப்பதாகவே சட்டம் கருதியது. முன்னறிவித்தல் கொடாமல் தோட்டத்தை விட்டு வெளியேறினாலோ, வேலை செய்ய மறுத்தாலோ, அதற்குப் பரிகாரம் சிவில் வழக்கன்று. கூலி பறிமுதல், தண்டப் பணம், மூன்று மாதம் வரை கடூழியச் சிறை ஆகியவையே பரிகாரம். கடனை வாங்கியவன் கடனைக் கொடாவிட்டால் அவன்மீது வழக்குத் தொடுப்பார்கள். உழைப்பை விற்றவன் உழைப்பைக் கொடாவிட்டால் அவனைச் சிறைக்கு அனுப்புவார்கள். இந்த வேற்றுமையில் அக்காலச் சமுதாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வேலையாள் யார் என்று வரையறுத்த அச்சட்டம் வீட்டு வேலைக்காரர், தெருவெட்டுவோர், கங்காணிமார், ஏனைய தொழிலாளர் என்று பெயர் சொல்லி அடுக்கியது. கங்காணி என்ற நம் சொல் ஆங்கிலச் சட்டப் புத்தகத்தில் ஏறியது இப்படித்தான். அவ்வரையறையில் வயதைப் பற்றிய பேச்சில்லை.

இதனோடு துண்டு முறையும் சேர்ந்துகொண்டது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவரிடம் ஆளை ஒப்படைக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் ஒரு சிறு காகிதமே துண்டு. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. துண்டு இல்லாமல் புறப்பட்டவன் ஓடிப்போனவன். ஓடிப்போனவனுக்கு இடம் மறியல். தகப்பன் மறியலுக்குச் சென்ற குடும்பத்தில் கடனைச் சுமப்பவர் யார்? கொழுந்துக் கூடையைத் தூக்கக்கூடிய அடுத்த ஆள்தான். அந்த ஆளுக்குப் பல வேளைகளில் வயது பத்தும் பன்னிரண்டுமாக இருந்தது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் இம்முறைக்கு எதிராக இடைவிடாது குரல் எழுப்பினர். 1919இல் பெரி. சுந்தரத்தோடு சேர்ந்து அவர் அமைத்த இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் தோட்டத் தொழிலாளர்க்காகப் பேசிய முதல் ஸ்தாபனங்களுள் ஒன்று. இந்தியாவிலும் கூலி ஏற்றுமதிக்கு எதிரான உணர்ச்சி வலுத்திருந்த காலம் அது. ஆள் வராமல் போய்விடுமோ என்ற அச்சம் துரைமாரையும் அசைத்தது. 1921ஆம் ஆண்டில் துண்டும் சிறைத் தண்டனைப் பிரிவுகளும் நீங்கின. ஏறத்தாழ எண்பது வருடங்கள்! மூன்று தலைமுறையினர் மறியலின் நிழலில் பிரட்டுக் களத்துக்குச் சென்று வந்துள்ளனர்.

சட்டம் நீங்கியது, பிள்ளையின் நிலை நீங்கிற்றா? 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் 1929இல் கூலி நிர்ணயிக்கப்பட்டபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமன்றிப் பிள்ளைக்கும் ஒரு நிரல் வகுக்கப்பட்டது. தாழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதம். நடுநாட்டில் முறையே 52, 41, 31. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்கள் பெரும்பாலும் இவ்விரண்டு வகையிலேயே அடங்கின. பத்து வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கலாகாது என்பதே அன்றைய முன்னேற்றம். கல்வி விஷயத்தில், தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவது தோட்டத் துரையின் கடமை என்று 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் கூறியிருந்தது. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்தாவது வயதில் பள்ளிக்கூடக் கதவு மூடுகிறது. அதே வயதில் செக்ரோல் திறக்கிறது. இது தற்செயல் என்று யாராவது கூறினால் நாம் நம்பவேண்டியதில்லை.

மூன்றாவது சட்டம் ஒன்றும் உண்டு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை, எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் செயல் குற்றமாகாது என்றது. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலை உணரும் பக்குவம் இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கவேண்டும். ஆக, தோட்டத்துப் பிள்ளை எட்டு வயதில் குற்றம் செய்யத் தகுதி பெற்றது. பத்து வயதில் கூலி பெறத் தகுதி பெற்றது. எழுதப் படிக்கத் தகுதி பெற்றதா என்பதை மட்டும் எவரும் விசாரிக்கவில்லை. இந்த எட்டு வயது எல்லை 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால்தான் பன்னிரண்டாக உயர்ந்தது. இடையே 135 வருடங்கள் கழிந்தன.

இனி இளையோர் சிறைகளின் கதைக்கு வருவோம். 1886ஆம் ஆண்டிலேயே இளங் குற்றவாளிகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. மேற்குக் கரையில் மக்கொனையில் கத்தோலிக்கத் துறவிகள் நடத்திய சீர்திருத்தப் பாடசாலைக்குச் சிறுவர்கள் அனுப்பப்பட்டனர். ஆனால் பதினாறு வயதைத் தாண்டிய வாலிபனுக்கு வயது வந்தோரின் சிறையே கதியாக இருந்தது. மேலைநாட்டிலும் நெடுங்காலம் இதே நிலைதான். இங்கிலாந்தில் சிறைகளின் தலைமை உத்தியோகத்தராயிருந்த ரக்கிள்ஸ்-பிரைஸ் 1902இல் கென்ற் மாகாணத்தில் போர்ஸ்டல் என்னும் கிராமத்துச் சிறையில் வாலிபர்களைத் தனியே பிரித்துவைத்து ஒரு பரீட்சை தொடங்கினார். 1908ஆம் ஆண்டுச் சட்டம் அதை நாடெங்கும் பரப்பியது. அக்கிராமத்தின் பெயர் உலகெங்கும் இளையோர் சிறைக்கு மறுபெயராயிற்று. சென்னை மாகாணமும் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் போர்ஸ்டல் பள்ளி முறையை மேற்கொண்டது.

போர்ஸ்டல் முறையின் உயிர்நாடி கட்டடமன்று, ஆட்கள். வாலிபர்களைச் சிறு இல்லங்களாகப் பிரித்து ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒரு பொறுப்பாசிரியரை வைத்தார்கள். அவர் காவலர் உடுப்புப் போடாதவர், பையன்களோடு விளையாடுபவர், ஒவ்வொருவனுடைய பெயரையும் குடும்பத்தையும் அறிந்தவர். 1930ஆம் ஆண்டில் லெவலின் என்ற உத்தியோகத்தர் வாலிபர்களின் ஒரு கூட்டத்தைப் பெல்தம் சிறையிலிருந்து நாட்டின் நடுப்பகுதியிலுள்ள லோடம் கிரேஞ்சுக்கு நடத்தியே அழைத்துச் சென்றார். மதிற்சுவர் இல்லாத ஒரு புதிய போர்ஸ்டலை அப்பையன்களைக் கொண்டே கட்டினார். இங்கிலாந்தின் போர்ஸ்டல்கள் எல்லாம் இப்படி இருந்தன என்று கூற நாம் முன்வரவில்லை. அவற்றிலும் அடியும் அதட்டலும் இருந்தன. 1982ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையையே ஒழித்துவிட்டது. எனினும், ஒரு வாலிபனைத் திருத்துவது பூட்டன்று, அவனோடு பேசத் தெரிந்த மனிதன் என்ற உண்மையை அவர்கள் ஒரு காலத்தில் கண்டிருந்தார்கள்.

இலங்கை இம்முறையை 1939இல் ஏற்றுக்கொண்டது. அவ்வருடத்தின் 28ஆம் இலக்க இளங் குற்றவாளிகள் பயிற்சிப் பாடசாலைச் சட்டம், 16 வயது நிரம்பி 22 வயது நிரம்பாதவர்களை மூன்று வருடத் தடுப்பாணையின் கீழ்ப் பயிற்சிப் பாடசாலைக்கு அனுப்ப வழிசெய்தது. அதே வருடத்தின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குச் சிறுவர் நீதிமன்றத்தையும் அத்தாட்சி பெற்ற பாடசாலைகளையும் வகுத்தது. 1944இல் நன்னடத்தைச் சட்டம் வந்தது. காகிதத்தில் பார்த்தால் அக்காலத்து ஆசியாவில் இலங்கை எவருக்கும் பின்தங்கியதன்று. கொழும்புக்கு வெளியே மட்டும் பெரும்பாலும் வழக்கமான நீதவானே அதே மன்றத்தில் அமர்ந்து சிறுவர் நீதிமன்றமாக மாறிக்கொண்டார். நாற்காலி மாறவில்லை, வாயிற் காவலனும் மாறவில்லை.

வத்துப்பிட்டிவலையில் நடந்த பயிற்சிப் பாடசாலை பிற்காலத்தில் கேகாலை மாவட்டத்தின் மேற்கு வாயிலான அம்பேபுஸ்ஸைக்கு வந்தது. கொழும்பு, கண்டி வீதியில் செல்பவர்கள் அம்பேபுஸ்ஸையின் பழைய தங்குமடத்தை அறிவார்கள். பயிற்சிப் பாடசாலையை அறிந்தவர் சிலரே. பள்ளன்சேனையிலும் தல்தெனையிலும் இளையோர்க்கான சீர்திருத்த நிலையங்கள் உள்ளன. இவை அனைத்தும் சிறைச்சாலைத் திணைக்களத்தின் கீழ் அமைந்தவை. இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. போர்ஸ்டல் கோரியது ஆசிரியனை. திணைக்களத்திடம் இருந்ததோ காவலன். காவலனாகப் பயிற்றப்பட்டு, வெலிக்கடையிலும் போகம்பறையிலும் வயது வந்த கைதிகளை எண்ணிப் பூட்டிப் பழகியவனை இடமாற்றக் கடிதம் ஒன்றின் மூலம் வாலிபர் பாடசாலைக்கு அனுப்பினால், அவன் அங்கேயும் எண்ணுவான், பூட்டுவான். அவனிடம் வேறு எதையும் கேட்டவரும் இல்லை, கற்பித்தவரும் இல்லை.

அக்காவலனைப் பழிப்பது நம் நோக்கமன்று. மனித உரிமைகள் ஆணைக்குழு 2018 முதல் 2020 வரை நாட்டின் இருபது சிறைகளில் ஆய்வு நடத்தி 2020 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை கைதிகளின் துயரத்தை மட்டும் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறையால் காவலர்கள் நீண்ட நேரம் தொடர்ந்து கடமையில் நிற்பதையும், அவர்களது விடுதிகள் பாழடைந்து கிடப்பதையும், மன உளைச்சலோடு அவர்கள் வேலைசெய்வதையும் அது எடுத்துக்காட்டியது. நாட்டின் சிறைகளில் ஏறத்தாழ 13,000 பேருக்குத்தான் இடமுண்டு. அண்மைய வருடங்களில் அதைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். 2023 டிசம்பரில் தொடங்கிய போதைப்பொருள் வேட்டைக்குப் பின் நிலைமை இன்னும் மோசமாயிற்று. ஆயிரம் பேரை நூறு பேர் காக்கவேண்டிய இடத்தில், கல்வி என்பதும் தொழிற்பயிற்சி என்பதும் காவலரின் மூச்சு மிஞ்சும் நாளில் மட்டும் நடப்பவை. தச்சுப் பட்டறைக்குப் பையன்களை அழைத்துச் செல்ல இரண்டு காவலர் வேண்டும். அந்த இருவரும் நீதிமன்றத்துக்கு வேறு கைதிகளைக் கொண்டுசென்றிருந்தால் பட்டறை அன்று திறக்காது. கருவி இருக்கும், மரம் இருக்கும், போதனாசிரியரும் இருப்பார்; கதவைத் திறக்க ஆள் இருக்காது. சிறைகளில் ஆட்குறைவு என்று பத்திரிகைகள் ஒரு வரியில் எழுதுவதன் நடைமுறை அர்த்தம் இதுவே. பூட்டிய அறைக்குள் நாளெல்லாம் கிடக்கும் பதினேழு வயதுப் பையனுக்குப் பாடம் நடக்காமலா போகும்? நடக்கும். போதனாசிரியர் அடுத்த பாயில் படுத்திருக்கும் அநுபவசாலி.

காவலன் யார்? வறண்ட கிராமத்திலிருந்து அரசாங்க உத்தியோகம் என்ற ஒரே நம்பிக்கையோடு வந்த ஏழை விவசாயியின் மகன். கைதி யார்? அதே வகைக் கிராமத்தின், அல்லது அடுத்த மலைத் தோட்டத்தின் ஏழை மகன். பூட்டின் இரு பக்கத்திலும் வறுமையே நிற்கிறது.

ஆனால் தோட்டத்துப் பையனின் விஷயத்தில் வறுமையோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. சப்பிரகமுவவின் தன்மை நுவரெலியாவின் தன்மையன்று. நுவரெலியாவில் மலைக்கு மலை தமிழ்த் தோட்டங்கள் தொடர்ந்திருக்கும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும், இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை எங்கும், தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. இவ்விடங்களில் தமிழர் சிறுபான்மையினருள் சிறுபான்மையினர். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின் இம்மாகாணத்தின் பொலிஸ் நிலையமும் நீதிமன்றமும் கச்சேரியும் முற்றாகச் சிங்களத்தில் இயங்கின. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று; எழுதுவினைஞரின் மேசையில் அது வந்து சேர்ந்த பாடில்லை. ஒரு பையனைப் பிடித்தால் அவனது வாக்குமூலம் அவன் வாசிக்க முடியாத எழுத்தில் எழுதப்படுகிறது; அதன் அடியில் அவன் கையொப்பமிடுகிறான். சிறைகளில் தமிழ் அறிந்த உத்தியோகத்தர் போதாமையையும் ஆணைக்குழுவின் அறிக்கை குறித்திருக்கிறது. பேசத் தெரிந்த மனிதனே திருத்துகிறான் என்றோமே, தமிழ்ப் பையனோடு பேசுவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

பிடிபடும் காரணங்களைப் பார்த்தால் பெருங்குற்றங்கள் அரிது. கசிப்புப் போத்தல், சிறு திருட்டு, லயத்துச் சண்டை, இப்பொழுது போதைத் தூள். இலங்கைச் சிறைகளுக்கு வருடந்தோறும் தண்டனை பெற்றுச் செல்வோரில் பெருந்தொகையினர் தண்டப் பணம் கட்ட முடியாமற் செல்வோரே என்பது பழைய செய்தி. பிணையில் எடுக்க நிலையான விலாசமும் சொத்துமுள்ள ஆள் வேண்டும். லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அதிலே குடியிருப்பவனுக்கு எந்தச் சொத்தைக் காட்டமுடியும்? ஆகவே கிராமத்துப் பையன் பிணையில் வீடு செல்லும் நாளில் தோட்டத்துப் பையன் கேகாலை விளக்கமறியலுக்கோ குருவிட்டைச் சிறைக்கோ செல்கிறான். வயது வந்தோர் நெருங்கிக் கிடக்கும் கூடத்தில் வழக்கு முடியும்வரை காத்திருக்கிறான்.

கொழும்பு வீடுகளில் வேலைக்கு விடப்பட்ட பிள்ளைகளை இங்கே மறக்கலாகாது. 1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டங்கள் பட்டினியில் வாடியபோதும், 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரித் தோட்டங்களில் லயங்கள் எரிந்து குடும்பங்கள் சிதறியபோதும், பத்து வயதுப் பிள்ளையை நகரத்து வீட்டுக்கு அனுப்புவது பெற்றோருக்கு ஒரு வாய் சோற்றைக் காப்பாற்றும் வழியாகத் தோன்றியது. அடி பொறுக்காமல் அவ்வீட்டை விட்டு ஓடிய பிள்ளை தெருவில் பிடிபட்டால், பிறப்புச் சான்றிதழும் இல்லாமல், ஊர்ப் பெயர் சொல்லவும் தெரியாமல் நின்றது. துண்டு இல்லாமல் ஓடியவனைப் பிடித்த காலத்துக்கும் இதற்கும் நெடுந்தூரமில்லை.

அம்பேபுஸ்ஸையின் சரித்திரத்தில் வேறொரு அத்தியாயமும் உண்டு. போர் முடிவை நெருங்கிய 2008, 2009ஆம் ஆண்டுகளில், விடுதலைப் புலிகளின் படையிலிருந்து சரணடைந்த அல்லது பிடிபட்ட சிறுவர்கள் அம்பேபுஸ்ஸையில் அமைந்த புனர்வாழ்வு நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். சிங்கள மாவட்டம் ஒன்றில் தமிழ்ச் சிறுவர்க்குக் கல்வி எப்படி வழங்குவது என்ற கேள்வி உடனே எழுந்தது. அவர்களிற் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரிக்கு மாற்றப்பட்டனர். அங்கே தமிழில் கற்பிக்க ஆசிரியர் இருந்தனர். சிறுவர் பரீட்சைக்குத் தோற்றினர். 2010இல் அவர்கள் குடும்பங்களோடு சேர்க்கப்பட்டனர். உலகத்தின் கண் அவ்வேளை அச்சிறுவர்மீது இருந்தது. அதனால் ஆசிரியர் கிடைத்தனர். இதே கேகாலை மாவட்டத்தின் தோட்டத்திலிருந்து கசிப்பு வழக்கில் வந்த பையனின்மீது எவர் கண்ணும் இல்லை. அரசு இயந்திரத்துக்கு வழி தெரியாது என்ற சமாதானத்தை இதன்பின் ஏற்றுக்கொள்வது கடினம்.

கண்காணிப்பு அற்றுப்போனால் என்ன நடக்கும் என்பதற்கு மலையகம் கண்ட மிகக் கொடிய சாட்சி பிந்துனுவெவ. பண்டாரவளைக்கு அருகே இருந்த அப்புனர்வாழ்வு நிலையத்தில் நாற்பதுக்குச் சற்று அதிகமான தமிழ் இளைஞர்கள் தங்கியிருந்தனர். சிறுவரும் அவர்களுள் இருந்தனர். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி காலை ஒரு கூட்டம் உள்ளே புகுந்து 27 பேருக்குக் குறையாமற் கொன்றது. பாதுகாப்புக்கு அனுப்பப்பட்ட பொலிசார் அறுபதுக்கு அண்மித்தோர் அங்கே நின்றனர். கீழ் நீதிமன்றம் 2003இல் சிலருக்கு மரண தண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றத்தில் அனைவரும் விடுதலையாயினர். எண்ணிக்கையில் அன்று அங்கே ஆட்குறைவு இருக்கவில்லை. பொறுப்பேற்க ஒருவர்கூட இல்லை.

சில மாற்றங்கள் வந்தே இருக்கின்றன. அவற்றை மறைப்பது நேர்மையன்று. பிரம்படித் தண்டனையை நீதிமன்றங்களின் கையிலிருந்து 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் நீக்கியது. தோட்டப் பாடசாலைகள் 1977 முதல் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. பத்து வயதோடு படிப்பு முடியும் காலம் போய்விட்டது. ஆனால் நிர்வாகப் பிளவு ஒன்று புதிதாகச் சேர்ந்தது. மாகாண சபைகள் வந்தபின் நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணத்தின் கைக்குச் சென்றன; சிறைச்சாலை மத்திய அரசாங்கத்திடமே நின்றது. சட்டம் வகுத்த சிறுவர் வயதோ நெடுங்காலம் பதினாறோடு முடிந்தது. பதினைந்தரை வயதுப் பையன் அப்போது மாகாணத்தின் பிள்ளையாக இருந்தான். பதினாறரை வயதில் அவனே மத்திய அரசாங்கத்தின் கைதியானான். இரண்டு அலுவலகங்களும் ஒரே பையனைப் பற்றி இரண்டு கோவைகள் வைத்திருந்தன.

மூன்று வருடம் முடிந்து திரும்புபவனின் நிலை என்ன? 1992 முதல் தோட்டங்கள் கம்பெனிகளின் நிர்வாகத்தில் உள்ளன. அவன் பெயர் செக்ரோலில் இல்லை. தங்கை வளர்ந்துவிட்ட ஒற்றைக் காம்பராவில் அவனுக்குப் படுக்க இடமும் இல்லை. விடுதலைக்குப் பின் அவனைக் கண்காணித்து உதவவேண்டும் என்று 1939ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. உத்தியோகத்தர் ஒருவருக்குப் பல பிரதேசங்கள்; தோட்டத்து மலைப்பாதையில் அவருடைய மோட்டார் சைக்கிள் ஏறுவது அபூர்வம். அவரிடமிருந்து கடிதம் வருகிறது. கடிதம் சிங்களத்தில் இருப்பதால், பல வீடுகளில் அதை வாசித்துச் சொல்லத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைத்தான் தேடிப் போகவேண்டியிருக்கிறது.